ஜெராக்ஸ் கடையிலிருந்து எச்.ஆர். மேசை வரை

ஒரு ரெஸ்யூமைக் கையில் எடுக்கும் நிறுவனம் எதைத் தேடுகிறது, எதைக் கண்டால் ஒதுக்குகிறது?

இரவு ஒன்பது மணி. கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் மட்டும் கூட்டம் குறையவில்லை. மறுநாள் காலை கேம்பஸ் இன்டர்வியூ. "அண்ணா, போன வருஷம் சீனியருங்களுக்குப் போட்டுக் குடுத்தீங்களே, அதே மாடல்..." என்று இழுக்கிறார் ஒரு மாணவர். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 'ரெஸ்யூம் ஃபைனல் நியூ 2' என்ற ஃபைலைத் திறக்கிறார். "பேரச் சொல்லு தம்பி. அப்பா பேரு? பர்சன்டேஜ் எவ்வளவு?" ஐந்தே நிமிடத்தில் சூடாக இரண்டு பக்கங்கள் வெளியே வருகின்றன.

முதல் வரி, சவாலான பணிச்சூழலில் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் முன்னேற்றத்துக்குப் பாடுபடும் லட்சியம். நடுவில் கடின உழைப்பாளி, எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்பவர், குழுவோடு ஒத்துப்போகிறவர். பொழுதுபோக்கு, பாட்டு கேட்பது. கடைசி வரி, மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி. வரிசையில் அடுத்து நிற்பவருக்கும் இதே லட்சியம், இதே பொழுதுபோக்கு. அவசரத்தில் முந்தைய மாணவரின் அப்பா பெயர் மாறாமல் அச்சாகிவிடுவதும் உண்டு. அந்த அப்பாவுக்கும் சேர்த்துத்தான் கீழே உறுதிமொழி.

மறுநாள் இந்தத் தாள்கள் ஒரு மேசையில் அடுக்காகக் குவிகின்றன. மேசைக்குப் பின்னால் இருப்பவர், எழுதியவர் எவ்வளவு நல்லவர் என்று தெரிந்துகொள்வதற்காகப் படிப்பதில்லை. அடுக்கைக் குறைக்க வேண்டும், அதுதான் அவருடைய முதல் வேலை. யாரை எடுக்கலாம் என்ற கேள்விக்கு முன்னால், யாரை இப்போதே தள்ளி வைக்கலாம் என்ற கேள்வி வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 400-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஆண்டுதோறும் வெளியே வரும் பட்டதாரிகளில் பெரும்பாலானோர் இந்தக் கேள்வியை எதிர்பார்த்துத் தங்கள் தாளைத் தயாரிப்பதில்லை.

கண் எங்கே போகிறது?

அமெரிக்க வேலைவாய்ப்புத் தளமான லேடர்ஸ், 2012-இல் 30 ஆள்சேர்ப்பு அலுவலர்களின் கண் அசைவைக் கருவி வைத்துப் பதிவு செய்தது. ஒரு ரெஸ்யூமில் வைக்கலாமா, தள்ளலாமா என்று முடிவெடுக்க அவர்களுக்குச் சராசரியாக 6 விநாடி போதுமானதாக இருந்தது. 2018-இல் மறுபடி பார்த்தபோது அது 7.4 விநாடி. முப்பது பேரை வைத்து உலகத்துக்கே கணக்குச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். அந்த நிறுவனமே ரெஸ்யூம் எழுதிக்கொடுக்கும் தொழிலிலும் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் அந்த ஆய்வில் விநாடிகளைவிடப் பயனுள்ள தகவல் ஒன்று இருக்கிறது: அந்தச் சில விநாடிகளில் கண் எங்கெல்லாம் நின்றது என்பது.

பெயர், இப்போதைய வேலையும் நிறுவனமும், அதற்கு முந்தைய வேலையும் நிறுவனமும், சேர்ந்த தேதி, விலகிய தேதி, படிப்பு. இவ்வளவுதான். லட்சிய வாக்கியம் இந்தப் பட்டியலில் இல்லை.

ஃப்ரெஷருக்கு முந்தைய நிறுவனம் கிடையாது. எனவே அந்த இடத்தை மதிப்பெண் பிடித்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது. கேம்பஸுக்கு வரும் பல ஐ.டி. நிறுவனங்கள் ஆண்டுக்கணக்காக வைத்திருக்கும் முதல் வேலி இது. 59.6-ஐ 60 என்று முழுமையாக்கிப் போடுபவர்கள் இந்த வேலியில்தான் மாட்டுகிறார்கள். மார்க்‌ஷீட் சரிபார்ப்பில் அந்தப் புள்ளி நான்கு சதவீதம் ஒரு பொய்யாக எண்ணப்படும். 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், அரியர் தேர்வுகளை ரத்து செய்து தேர்ச்சி அளிப்பதாகத் தமிழக அரசு அறிவித்தபோது மாணவர்கள் போஸ்டர் ஒட்டிக் கொண்டாடினார்கள். வேலை தரும் நிறுவனம் அந்தத் தேர்ச்சியை எந்தக் கண்ணோடு பார்க்கும் என்ற கவலை, கொண்டாட்டம் அடங்கிய பிறகுதான் வந்தது.

மனிதருக்கு முன்னால் மெஷின்

பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூம் முதலில் போய்ச் சேருவது மென்பொருளிடம். அது தாளைப் பிரித்து, பெயர், படிப்பு, திறன், அனுபவ ஆண்டுகள் என்று கட்டங்களில் நிரப்பிக்கொள்கிறது. அலங்காரமாக இரண்டு பத்தியில் பிரித்த வடிவம், கட்டத்துக்குள் கட்டம், படமாக ஒட்டிய எழுத்து ஆகியவற்றில் அது தடுமாறும். ஃபோன் நம்பர் அழகான படத்துக்குள் இருந்தால், மெஷினைப் பொறுத்தவரை அந்த ஆளுக்கு ஃபோனே இல்லை.

ரெஸ்யூம்களில் முக்கால்வாசியை மெஷினே நிராகரித்துவிடுகிறது என்று பயிற்சி மையங்கள் பயமுறுத்துவது வழக்கம். அந்த எண்ணுக்குப் பின்னால் நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் கிடையாது. பெரும்பாலும் மெஷின் வரிசைப்படுத்துகிறது, மனிதர் ஃபில்டர் போடுகிறார். 1997-இல் தொடங்கிய நௌக்ரி டாட் காமில் ஆள் தேடும் எச்.ஆர். செய்வது அதைத்தான்: திறன், ஊர், அனுபவம், இப்போதைய சம்பளம், நோட்டீஸ் பீரியட். ஐ.டி. துறையில் 90 நாள் நோட்டீஸ் சகஜம் என்பதால், உடனே சேர முடிகிற ஒருவர் தன்னைவிடத் திறமைசாலியை இந்த ஒரு ஃபில்டரிலேயே முந்திவிட முடியும்.

ஃபில்டர் போடுகிறவரின் அறியாமைக்கும் விண்ணப்பித்தவர்தான் விலை கொடுக்கிறார். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் சேர்ந்து 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நாடுகளின் நிறுவன நிர்வாகிகளிடம் கேட்டபோது, உயர்திறன் வேலைகளுக்குத் தகுதியுள்ளவர்களே அறிவிப்பின் நிபந்தனைகளோடு அச்சு அசலாகப் பொருந்தவில்லை என்பதால் கழிந்துபோகிறார்கள் என்று 88 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டார்கள். அறிக்கையை வழிநடத்திய ஜோசப் ஃபுல்லர் சொன்ன உதாரணம் சிரிப்பையும் எரிச்சலையும் சேர்த்தே வரவழைக்கும். நோயாளிகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யத் தெரிந்த நர்ஸ்கள் மருத்துவமனைகளுக்குத் தேவை. அதற்காக அவர்கள் ரெஸ்யூமில் தேடிய திறன், கம்ப்யூட்டர் புரோகிராமிங்!

அதனால் அறிவிப்பில் உள்ள சொல்லையே ரெஸ்யூமிலும் எழுதுவது தந்திரம் ஆகாது. 'டேலி' கேட்டிருந்தால் 'கணக்கியல் மென்பொருள்' என்று பொதுவாகப் போடாமல் டேலி என்றே போட வேண்டும். தெரியாத டேலியைப் போடுவது வேறு கதை. அதற்குப் பிறகு வருவோம்.

பெட்டிச் செய்தி: ஊருக்கு ஊர் வேறு தாள்

அமெரிக்க வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமில் போட்டோ, வயது, மதம், திருமண நிலை எதுவும் இருக்கக் கூடாது. பாகுபாடு காட்டினார்கள் என்ற வழக்குக்கு அஞ்சி நிறுவனங்களே அவற்றைத் தவிர்க்கச் சொல்கின்றன.

வளைகுடா வேலைக்கு நேர் எதிர். போட்டோ, நாட்டுரிமை, பாஸ்போர்ட், விசா நிலை ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் முதலிலேயே எதிர்பார்க்கின்றன.

நம் ஊர் பழைய 'பயோடேட்டா'வில் மதம், சமுதாயம், தாய்மொழி என்று வரிசையாகக் கட்டங்கள் உண்டு. அரசு விண்ணப்பத்தில் இட ஒதுக்கீட்டுக்காகக் கேட்கப்பட்ட விவரம், தேவையே இல்லாத தனியார் வேலைத் தாளிலும் வந்து ஒட்டிக்கொண்டது.

"இதுல நீ என்னப்பா பண்ணின?"

வேலியைத் தாண்டிவிட்ட தாளைத்தான் யாராவது உண்மையில் படிக்கிறார்கள். அப்போது தேடப்படுவது ஒன்றே: இந்த ஆள் எதையாவது செய்திருக்கிறாரா?

கூகுளின் மனிதவளப் பிரிவுக்குப் பத்தாண்டு தலைமை வகித்த லாஸ்லோ போக், ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்: என்ன சாதித்தீர்கள், அதன் அளவு என்ன, எப்படிச் செய்தீர்கள். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு வரும் ஒருவர் 'ஏற்றுமதி ஆர்டர்களைக் கையாண்டேன்' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை எல்லா மெர்ச்சண்டைசரும் எழுதலாம். எத்தனை பையர்கள், சாம்பிள் அப்ரூவல் முதல் ஷிப்மென்ட் வரை தனியாகப் பார்த்தது எத்தனை ஸ்டைல்கள், கடைசி நேரத்தில் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்ப நேர்ந்ததா இல்லையா என்று எழுதினால், அந்தத் தொழில் தெரிந்த முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். விமானச் செலவு என்றால் என்னவென்று அவருக்குத்தான் தெரியும்.

ஃப்ரெஷரிடம் இந்த இடத்தில் இருப்பது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். அங்கேதான் சிக்கல். முகத்தை அடையாளம் கண்டு அட்டெண்டன்ஸ் போடும் சிஸ்டத்தை ஆண்டுதோறும் எத்தனையோ குழுக்கள் 'கண்டுபிடிக்கின்றன'. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்தால் கோடும் ரிப்போர்ட்டும் பிரசன்டேஷனும் ஒரே பென் டிரைவில் வந்துவிடும் என்பது இன்டர்வியூ எடுப்பவருக்கும் தெரியும். அவரும் அதே வழியில் வந்தவராக இருக்கலாம். அதனால் அவர் ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்பதில்லை. "இதுல நீ என்னப்பா பண்ணின?" என்றுதான் கேட்கிறார். நான்கு பேர் செய்த வேலையில் தன் பங்கை ஒரே வரியில் தாளிலேயே எழுதி வைத்தவரும், எங்கே தவறியது என்பதையும் சொல்ல முடிந்தவரும் அந்தக் கேள்வியைத் தாண்டிவிடுகிறார்கள். சின்ன வேலையாக இருந்தாலும் சொந்த வேலை தனியாகத் தெரியும். மாமாவின் மளிகைக் கடைக்கு எழுதிக்கொடுத்த ஸ்டாக் கணக்கு புரோகிராம்கூடப் போதும்.

1929-இல் எடுத்த முடிவு

தாளில் முதலில் படிக்கப்படும் சொல் பெயர். அதை விண்ணப்பித்தவர் எழுதவில்லை, பெற்றவர்கள் வைத்தார்கள். ஆனாலும் அது பேசுகிறது.

அமெரிக்காவில் மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை ரெஸ்யூம்களை அனுப்பினார்கள். தகுதியில் வேறுபாடு இல்லை. வெள்ளையர் பெயர் இருந்த தாள்களுக்கு, கறுப்பினத்தவர் பெயர் இருந்தவற்றைவிட 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. 2004-இல் வெளியான இந்த ஆய்வின் இரண்டாம் ஆசிரியர் பெயரைத் தமிழ் வாசகர்கள் கவனித்திருப்பார்கள். தமிழ்நாட்டில் பிறந்தவர்.

இந்தியாவில் இதே சோதனையைச் சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் இருவரும் செய்து 2007-இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களுக்குப் போன விண்ணப்பங்கள் 4,808. சமமான தகுதி இருந்தும், அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் உயர்சாதி இந்துப் பெயருக்கு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. தேர்வும் இல்லை, நேர்முகமும் இல்லை. ஒரு பெயர் மட்டும்.

சாதியைப் பொறுத்தவரை, இந்தச் சோதனை வேலை செய்வதற்கே குடும்பப் பெயர் வேண்டும். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானித்தது. பெயருக்குப் பின்னால் வால் இல்லாத ரெஸ்யூம் இன்றும் நம்மிடம் இயல்பாக இருப்பதற்கு அந்த இயக்கம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் வால் போனதும் கண் வேறு இடம் தேடுகிறது. மதம் பெயரிலேயே தெரிகிறது. சொந்த ஊர், படித்த பள்ளி, அப்பாவின் தொழில், பழைய பயோடேட்டாவின் 'சமுதாயம்' கட்டம் ஆகியவை மீதியைச் சொல்லிவிடுகின்றன. வேலைக்குத் தொடர்பில்லாத அந்தக் கட்டங்களை நிரப்பாமல் விடுவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

மெஷினிடம் விட்டால் நியாயம் கிடைக்குமா? அமேசான் 2014 முதல் உருவாக்கிய தேர்வு மென்பொருளின் கதையை 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டுவந்தது. முந்தைய பத்தாண்டு ரெஸ்யூம்களைப் படித்து அது கற்றுக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எனவே 'மகளிர் சதுரங்கக் குழுத் தலைவர்' என்பது போல 'மகளிர்' என்ற சொல் வந்தாலே அது மதிப்பெண்ணைக் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளின் பட்டதாரிகளையும் கீழே தள்ளியது. கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட வேண்டியிருந்தது.

பெட்டிச் செய்தி: இனிஷியல் படுத்தும் பாடு

மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், பான் கார்டில் இரண்டும் கலந்து. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும் ஆன்லைன் படிவம் தமிழ்ப் பெயரைப் பிய்த்துவிடுகிறது. அப்பா பெயரில் மெயில் வரும். ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிந்து சரிபார்ப்பு இழுபடும். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் உள்ளபடியே ரெஸ்யூமிலும் பெயர் எழுதுவது, வேறு ஆவணத்தில் வேறுமாதிரி இருந்தால் முன்கூட்டியே எச்.ஆரிடம் சொல்லிவிடுவது ஆகிய இரண்டும் பல நாள் அலைச்சலைக் குறைக்கும்.

காலி இடமும் கப்சாவும்

தேதிகளில் கண் நிற்கும் என்றோம். இரண்டு வேலைகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அங்கே ஒரு கேள்விக்குறி விழும். ஹார்வர்டு அறிக்கையின்படி, ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஏறக்குறைய பாதி நிறுவனங்கள் அந்தத் தாளைக் கழித்துவிடுகின்றன. பிள்ளை பெற்று, வளர்த்து, மாமியாரையும் பார்த்துக்கொண்டு வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண்கள்மீதுதான் இந்த ஃபில்டர் அதிகமாக விழுகிறது. சென்னையில் சௌந்தர்யா ராஜேஷ் 2000-இல் தொடங்கிய 'அவதார்' நிறுவனம் இவர்களை மறுபடி வேலையில் சேர்ப்பதில் இறங்கியது. டாட்டா குழுமம் 2008-இல் இதற்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. லிங்க்டின் 2022-இல் இடைவெளியையும் ஒரு பதிவாகக் குறிப்பிட வசதி செய்தது. மறைத்த இடைவெளியைவிட, 'குழந்தை வளர்ப்பு, 2019 - 2022' என்று ஒரு வரி எழுதிய இடைவெளி குறைவான கேள்வியையே எழுப்பும்.

ஆனால் பலர் மறைக்கத்தான் பார்க்கிறார்கள். அதற்கு ஒரு சந்தையும் இருக்கிறது. ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் விற்கும் கன்சல்டன்சிகள் ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் மூன்றையும் செட்டாகக் கொடுக்கின்றன. ஃபோன் செய்து விசாரித்தால் "ஆமா, எங்ககிட்டதான் வேலை பார்த்தாங்க" என்று சொல்லவும் ஆள் இருக்கிறது. முன்பு இது ஓடியது. 2014-இல் பி.எஃப். சந்தாதாரர்களுக்கு யு.ஏ.என். என்ற ஒரே எண் வந்த பிறகு, எந்த நிறுவனம் எந்தத் தேதியிலிருந்து பணம் கட்டியது என்பது ஒரே இடத்தில் தெரிகிறது. மூன்று வருட அனுபவம் என்று தாள் சொல்லும், பி.எஃப். கணக்கில் ஒரு மாதமும் இருக்காது. சரிபார்ப்பு பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகே முடிவதால், பொய் வெளிப்படும்போது பழைய வேலையும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலை. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துக் குடும்பத்தையும் அழைத்து வந்துவிட்ட பிறகு இந்தக் கடிதம் வரும். அதே பெயர் அடுத்த நிறுவனத்தின் விசாரணையிலும் எழும்.

பெரிய நாற்காலியும் காப்பாற்றாது. யாஹூவின் தலைமை அதிகாரியாக 2012 ஜனவரியில் வந்த ஸ்காட் தாம்சனின் அறிமுகக் குறிப்பில் கணக்கியலோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமும் இருந்தது. அவர் 1979-இல் படித்து முடித்த ஸ்டோன்ஹில் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வழங்க ஆரம்பித்ததே 1983-இல்தான். ஒரு முதலீட்டாளர் தோண்டி எடுத்துவிட, மே மாதமே விலகினார். எம்.ஐ.டி.யின் மாணவர் சேர்க்கைத் தலைவராக இருந்த மாரிலி ஜோன்ஸ், வாங்காத பட்டங்களைப் போட்டிருந்தது 28 ஆண்டுகள் கழித்து, 2007-இல் வெளிப்பட்டது. அவரும் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று.

கூட்டிச் சொல்கிறவர்கள் மட்டும் இல்லை, குறைத்துச் சொல்கிறவர்களும் உண்டு. ஆபரேட்டர் வேலைக்கு ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ போதும், பி.இ. வந்தால் நிலைக்க மாட்டார் என்று கருதும் தொழிற்சாலைகளில், டிகிரியை மறைத்து விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழகச் சட்டமன்றச் செயலகம் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் கேட்டபோது, 2019-இல் 4,600-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. பி.இ., எம்.பி.ஏ. படித்தவர்களும் அவற்றில் இருந்தார்கள். எந்தத் தகுதியைக் காட்டுவது, எதை ஒளிப்பது என்ற கணக்கு இவர்கள் ஆரம்பித்து வைத்ததல்ல.

தாள் எவ்வளவு சொல்லும்?

இவ்வளவு உழைப்பும் இவ்வளவு வடிகட்டலும் சரியான ஆளைத்தான் கண்டுபிடிக்கின்றனவா? ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் திரட்டி 1998-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில், வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு 0.54. அனுபவ ஆண்டுகளுக்கு 0.18. படித்த ஆண்டுகளுக்கு வெறும் 0.10. பால் சாக்கெட் குழு 2022-இல் மறுகணக்குப் போட்டபோது பெரும்பாலான எண்கள் இறங்கின. அனுபவ ஆண்டுகள் இன்னும் கீழே போயிற்று. ஏழு விநாடியில் கண் நிற்கும் இடங்கள் எவையோ, அவைதான் இந்தப் பட்டியலின் அடியில் கிடக்கின்றன.

இதை நம்பி நடப்பவர்கள் நம் ஊரிலேயே உண்டு. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ 2005-இல் தொடங்கிய பள்ளி, பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி அளித்து, அப்படியே வேலைக்கும் எடுத்துக்கொள்கிறது. தென்காசி மத்தளம்பாறையில் கோடு எழுதும் பலரிடம் காட்டுவதற்குப் பொறியியல் பட்டம் இல்லை.

மற்ற நிறுவனங்களையும் இந்தப் பக்கம் தள்ளுவது, விநோதமாக, செயற்கை நுண்ணறிவுதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஜெராக்ஸ் கடை வேலையை அது எடுத்துக்கொண்டது. இப்போது எல்லாத் தாளிலும் பிழையற்ற ஆங்கிலம். எல்லாரும் எதையோ 'முன்னின்று நடத்தி', எதையோ 30 சதவீதம் உயர்த்தியிருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில், மனிதக் கண்ணுக்குத் தெரியாமல், 'இவரைத் தேர்ந்தெடு' என்று மெஷினுக்குக் கட்டளை எழுதி வைப்பவர்களும் இருக்கிறார்கள். தாளை நம்ப முடியாதபோது நிறுவனம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, "இதை இப்போ செஞ்சு காட்டுங்க" என்கிறது.

செய்து காட்டுவது புதிதல்ல. உலகின் முதல் ரெஸ்யூம் என்று பலரும் காட்டுவது, லியனார்டோ டாவின்சி 1482 வாக்கில் மிலன் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு எழுதிய கடிதத்தை. போர் மேகம் சூழ்ந்த காலம். அதனால் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், பீரங்கிகள், மூடிய வண்டிகள் என்று ஆட்சியாளருக்கு என்ன தேவையோ அதை முதலில் வரிசையாக அடுக்கினார். ஓவியமும் வரையத் தெரியும் என்பது கடைசியில் வருகிறது. முடிக்கும்போது, இவற்றில் ஏதாவது நடக்காத காரியம் என்று தோன்றினால் உங்கள் பூங்காவிலோ நீங்கள் சொல்லும் இடத்திலோ செய்துகாட்டத் தயார் என்கிறார். வேலை கிடைத்தது. சுமார் 17 ஆண்டுகள் மிலனில் இருந்தார். 'கடைசி விருந்து' ஓவியத்தை அங்கேதான் ஒரு மடத்துச் சாப்பாட்டுக்கூடச் சுவரில் வரைந்தார்.